ஒரே நோயாளி, இரண்டு ஆஞ்சியோபிளாஸ்டி: ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அடைபட்ட கரோனரி தமனியைத் திறந்து இரத்த ஓட்டத்தை மீட்பதே மாரடைப்புக்கு நாம் அறிந்த மிகச் சிறந்த சிகிச்சை. ஆனால், பட்டினி கிடந்த தசைக்குள் ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் திரும்பிப் பாயும் முதல் சில நிமிடங்களில் அந்த ஆக்சிஜனே ஒரு புதிய சேதத்தையும் தொடங்கிவைக்கிறது. இந்த முரண் 1960-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயத்தில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. 1977-இல் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சூரிச் நகரில் கரோனரி தமனியில் முதல் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டியை, அதாவது அடைபட்ட தமனிக்குள் பலூனை விரித்துத் திறக்கும் சிகிச்சையைச் செய்தபின், ஆய்வகத்தில் மட்டும் பேசப்பட்ட அந்தச் சேதம் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது.

ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொள்பவர்களிடம் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும் வினைமிகு மூலக்கூறுகள் உடலின் தடுப்பாற்றலை மீறிப் பெருகும் நிலை) அதிகரிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த ஆஞ்சியோபிளாஸ்டி, எந்த நிமிடத்தில், உடலின் எந்த இடத்தில் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் அந்தக் கூற்றால் பயனில்லை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஐந்து வார இடைவெளியில் ஒரே நோயாளிக்கு ஒரு முறை அவசரமாகவும் ஒரு முறை திட்டமிட்டும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய நேர்ந்த இந்த நிகழ்வு, அந்த வேறுபாட்டை ஒரே உடலில் வைத்துப் பார்க்க உதவியது. நோயாளியின் அடையாளம் வெளிப்படாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் முதல் சிகிச்சையும்

ஐம்பதுகளின் நடுவில் இருந்த அவர் முப்பது ஆண்டுகளாகப் புகைபிடித்தவர். எட்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்துவந்தவர். யாரோ தெரிந்தவர் சொன்னார் என்று தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மாத்திரையும் சாப்பிட்டுவந்தார். நெஞ்சுவலி தொடங்கி நான்கு மணி நேரத்துக்குப் பிறகே எங்களிடம் வந்தார். முதலில் பார்த்த மருத்துவமனையில் ஆஸ்பிரினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் கொடுத்து, முகக்கவசம் வழியாக ஆக்சிஜனும் வைத்து அனுப்பியிருந்தார்கள். இசிஜியில் வி1 முதல் வி4 வரை, தமனி அடைபட்டதைக் காட்டும் எஸ்.டி. உயர்வு தெளிவாக இருந்தது. முகக்கவசத்தை எடுத்துவிட்டுச் சாதாரணக் காற்றில் பார்த்தபோது ஆக்சிஜன் செறிவு 96 சதவீதம் இருந்ததால் அதை மீண்டும் வைக்கவில்லை.

இதை விளக்கியாக வேண்டும். ஏனென்றால் மாரடைப்பு என்றதும் ஆக்சிஜன் வைப்பது பல இடங்களில் இன்னும் அனிச்சையாக நடக்கிறது. செறிவு குறையாதவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ஆக்சிஜன் கரோனரி தமனிகளைச் சுருக்குவதோடு, ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாவதற்கான மூலப்பொருளையும் கூட்டுகிறது. 2015-இல் வெளியான அவாய்டு ஆய்வில், அப்படி ஆக்சிஜன் பெற்றவர்களின் தசைச் சேதம் பெரிதாக இருந்ததற்கான அறிகுறிகள் கிடைத்தன. 2017-இல் 6,629 பேரிடம் நடந்த டீட்டோ-டூ-எக்ஸ் ஆய்வில், ஓராண்டு இறப்பு விகிதத்தில் ஆக்சிஜனால் நன்மை எதுவும் தென்படவில்லை. செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே ஆக்சிஜன் என்ற இன்றைய வழிகாட்டுதல் இப்படித்தான் உருவானது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்க மருந்து தேடும் முன், அதைக் கூட்டும் காரியத்தை நாமே செய்யாமலிருப்பது முதற்கடமை.

மணிக்கட்டுத் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் எடுத்தபோது, இடது முன் இறங்கு தமனி தொடக்கப் பகுதியிலேயே முழுவதுமாக அடைபட்டிருந்தது. வலது தமனியின் நடுப்பகுதியிலும் கணிசமான சுருக்கம் இருந்தது. ஆனால் அது அன்றைய மாரடைப்புக்குக் காரணமல்ல. இரத்தத்தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் டிகாக்ரெலர் 180 மி.கி. கொடுத்துவிட்டு, கம்பியை அடைப்பின் ஊடே செலுத்திச் சிறிய பலூனை விரித்ததும் ஓட்டம் திரும்பியது.

அடுத்த இரண்டு நிமிடங்களில் நடந்ததே இந்த நிகழ்வின் மையம். தணிய வேண்டிய வலி சற்றுக் கூடியது. திரையில் எஸ்.டி. உயர்வு இறங்குவதற்குப் பதிலாக மேலும் எழும்பியது. பின்னர் அகன்ற அலைகளுடன் நிமிடத்துக்கு 85 என்ற வேகத்தில் கீழறைத் துடிப்பு ஓடத் தொடங்கியது. இரத்த அழுத்தம் 90-க்கு இறங்கியது. இந்தத் துடிப்பு மாற்றம் இரத்த ஓட்டம் திரும்பும்போது நன்கு அறியப்பட்ட ஒன்று என்பதாலும், தானாகவே அடங்கிவிடக்கூடியது என்பதாலும் மருந்து கொடுக்காமல் கவனித்திருந்தோம். சில நிமிடங்களில் இயல்புத் துடிப்பு திரும்பியது. மருந்து பூசிய ஸ்டென்ட் பொருத்தியபின், தமனி முழுவதுமாகத் திறந்திருந்தும் படமெடுக்கச் செலுத்திய சாயம் மெதுவாகவே நகர்ந்தது. டிமி ஓட்ட அளவு (0 என்றால் ஓட்டமே இல்லை, 3 என்றால் இயல்பான ஓட்டம்) 2. நுண்குழாய்களை விரிக்கும் அடினோசினைத் தமனிக்குள்ளேயே கொடுத்தபின் அது 3-க்கு வந்தது. ஆனாலும் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த இசிஜியில் எஸ்.டி. உயர்வு பாதியளவே குறைந்திருந்தது. பெரிய குழாய் திறந்துவிட்டது, நுண்குழாய்கள் முழுதாகத் திறக்கவில்லை என்பதே இதன் பொருள். நான்காம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், சேதமடைந்த தசையின் நடுவே நுண்குழாய் அடைப்பு இருப்பது உறுதியானது. இதயத்தின் வெளியேற்றத் திறன் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 38 சதவீதமாக இருந்தது.

அந்த நிமிடங்களில் தசைக்குள் நடப்பது

ஓட்டம் நின்ற தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் சங்கிலி நின்றுபோகிறது; அதோடு சக்சினேட் என்ற பொருள் பெருமளவில் தேங்குகிறது. ஆக்சிஜன் திரும்பியதும் தேங்கிய சக்சினேட் மிக வேகமாக எரிக்கப்படுகிறது. அந்த வேகத்தில் எலக்ட்ரான்கள் சங்கிலியின் முதல் தொகுப்பு வழியாகப் பின்னோக்கித் தள்ளப்பட்டு, ஆக்சிஜனுடன் சேர்ந்து சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ராடிக்கலாக மாறுகின்றன. 2014-இல் சௌசானி குழுவினர் விலங்குகளில் காட்டிய இந்த வழிமுறை, ஃப்ரீ ராடிக்கல் வெடிப்பு ஏன் முதல் நிமிடங்களிலேயே உச்சத்தைத் தொடுகிறது என்பதற்குத் தெளிவான விளக்கத்தைத் தந்தது. அதற்கு முன் முக்கியக் குற்றவாளியாகக் கருதப்பட்டது சாந்தீன் ஆக்சிடேஸ் நொதி. 1985-இல் ஜோ மெக்கார்டு விரிவாக முன்வைத்த கருத்து அது. மனித இதயத் தசையில் அந்த நொதியின் அளவு எலிகளில் இருப்பதைவிடக் குறைவு என்பதால், அதன் பங்கை இன்று அளவோடுதான் மதிப்பிடுகிறோம்.

சூப்பராக்சைடு தனியாக இருந்து செய்யும் தீங்கைவிட, அது எதனுடன் சேர்கிறது என்பதே பெரிது. நைட்ரிக் ஆக்சைடுடன் சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் உருவாகிறது. இரத்தக் குழாயை விரித்துவைக்க வேண்டிய நைட்ரிக் ஆக்சைடு இதனால் செலவாகிவிடுகிறது. குழாயின் உட்சுவர்ச் செல்களில் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்குத் துணையாக நிற்கும் டெட்ராஹைட்ரோபயோப்டெரின் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டால், அந்த நொதியே சூப்பராக்சைடைத் தயாரிக்கத் தொடங்குகிறது. இதே நேரத்தில் செல்லுக்குள் கால்சியம் நிரம்பி, அமிலத்தன்மையும் சட்டென்று விலக, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உள்ள பெருந்துளை திறந்து செல் இறக்கிறது. வெள்ளணுக்கள் வந்து சேர்ந்து மைலோபெராக்சிடேஸ் நொதி மூலம் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குவது அதற்கடுத்த மணி நேரங்களில் நடக்கிறது. ஆகவே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று ஒரே பெயரில் சொன்னாலும், செல்லுக்குள் நிமிடக் கணக்கில் நடப்பது ஒன்று, குழாய்ச் சுவரில் மணிக் கணக்கில் நடப்பது இன்னொன்று.

நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளவருக்கு நைட்ரிக் ஆக்சைடு இருப்பு முன்பே குறைந்திருக்கும். இவருடைய நுண்குழாய்கள் முழுதாகத் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம். எனினும் உடைந்த இரத்தக்கட்டியின் துணுக்குகள் கீழே அடித்துச் செல்லப்பட்டு அடைப்பதும் அதே தோற்றத்தைத் தரும் என்பதால், முழுப் பழியையும் ஃப்ரீ ராடிக்கல்கள் மீது போட முடியாது.

அளவீடுகளைப் படித்த விதம்

மூன்று குறியீடுகளைப் பார்த்தோம்: இரத்தத்தில் மலோன்டையால்டிஹைடு (கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாகும் பொருள்), மைலோபெராக்சிடேஸ், சிறுநீரில் எஃப்-2 ஐசோபுராஸ்டேன். முதல் இரண்டும் முதல் நாளில் மிக உயர்ந்திருந்தன. அந்த எண்களை மட்டும் தாளில் பார்த்த எவரும் கடுமையான ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் அவை இரண்டையும் நாங்கள் முடிவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

மலோன்டையால்டிஹைடு மாதிரியைச் சுழற்றிப் பிரித்தபோது, மேலே நின்ற பிளாஸ்மா வெளிர் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தது. மெல்லிய குழாய் வழியாக வேகமாக இழுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் சூடாக்கிச் செய்யும் அந்தச் சோதனையில், உடைந்த அணுக்களிலிருந்து வெளிப்பட்ட இரும்பு சோதனைக் குழாய்க்குள்ளேயே கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அந்த வினை மலோன்டையால்டிஹைடுக்கு மட்டுமே உரியதும் அன்று. குழாயில் நடந்ததை நோயாளியின் இதயத்தில் நடந்ததாக எழுத முடியாது.

மைலோபெராக்சிடேஸில் சிக்கல் வேறு. இந்த நொதி இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தன்மையுடையது. ஹெப்பாரின் அதை அங்கிருந்து பெயர்த்து இரத்தத்தில் விடுகிறது. ஆஞ்சியோபிளாஸ்டிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஹெப்பாரின் கொடுக்கிறோம். இவருக்கோ முதல் மருத்துவமனையிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. எனவே எங்கள் கையில் இருந்த முதல் மாதிரியே ஹெப்பாரினுக்குப் பிந்தியது. இந்த ஒரு விவரம் குறிப்பிடப்படாத எந்த மைலோபெராக்சிடேஸ் எண்ணையும், அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், ஆஞ்சியோபிளாஸ்டியின் விளைவாக ஏற்பதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு.

எஞ்சியது ஐசோபுராஸ்டேன். அராக்கிடோனிக் அமிலத்தை ஃப்ரீ ராடிக்கல்கள் நேரடியாகத் தாக்கும்போது உருவாகும் இப்பொருள் நிலையானது; சிறுநீரில் இதை நிறை நிறமாலை முறையில் அளக்கலாம். சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சிறுநீரில் ஒரு மில்லிகிராம் கிரியாட்டினினுக்கு 1,180 பிகோகிராமும், மறுநாள் 640-ம், மூன்றாம் நாள் 520-ம் இருந்தன. அவசர ஆஞ்சியோபிளாஸ்டியின்போது ஐசோபுராஸ்டேன் உயர்வதை 1997-இலேயே ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது; இந்தப் போக்கு அதனுடன் ஒத்துப்போகிறது. சிகிச்சைக்கு முந்தைய மாதிரி இல்லை என்பது குறைதான். புகைப்பழக்கமே இந்த அளவை உயர்த்தும் என்பதும் உண்மை. ஆனால் புகை நிறுத்தியதால் மட்டும் ஒரே நாளில் இது பாதியாகாது. அந்தச் செங்குத்தான இறக்கம், உயர்வு வந்து போன ஒன்று என்பதையே காட்டுகிறது.

இரண்டாம் சிகிச்சை

மாரடைப்புக்குக் காரணமான தமனியோடு, குறிப்பிடத்தக்க சுருக்கமுள்ள மற்றத் தமனிகளையும் சரிசெய்வது நல்லது என்பதை 4,041 பேரிடம் நடந்த கம்ப்ளீட் ஆய்வு 2019-இல் நிறுவியது. அதன்படி ஐந்தாம் வாரம் வலது தமனிக்குத் திட்டமிட்ட ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது. சுருக்கத்துக்குக் குறுக்கே அழுத்த விகிதம் 0.74 இருந்தது, 0.80-க்குக் கீழே இருந்தால் சிகிச்சை தேவை என்று கொள்கிறோம். இந்த இடைவெளியில் அவர் புகைப்பதை முற்றிலும் நிறுத்தியிருந்தார். அதிக அளவு அடோர்வாஸ்டாடினும் எடுத்துவந்தார்.

இம்முறை மாதிரிகளை எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே வகுத்திருந்தோம். ஹெப்பாரினுக்கு முன் ஒன்று. ஹெப்பாரின் கொடுத்து ஐந்து நிமிடம் கழித்து, கம்பி கரோனரி தமனிக்குள் நுழையும் முன்பே இன்னொன்று. எல்லாம் முடிந்தபின் மற்றொன்று. இரண்டாவது மாதிரியிலேயே மைலோபெராக்சிடேஸ் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. பலூன் இன்னும் உறையிலிருந்தே எடுக்கப்படாத நேரம் அது. ஸ்டென்ட் வைத்து முடித்தபின் எடுத்த மூன்றாவது மாதிரியில் மேலும் உயர்வு எதுவும் இல்லை. முதல் சிகிச்சையின்போது நாங்கள் கொண்டிருந்த ஐயம் சரியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று ஒரு நோயாளியிடம் கிடைப்பது அரிது.

பலூன் ஒவ்வொரு முறையும் இருபது விநாடிக்கு மேல் விரிந்திருக்கவில்லை. துடிப்பு மாறவில்லை, ஓட்டமும் தடைபடவில்லை. சிறுநீர் ஐசோபுராஸ்டேன் முன்பு 310, பின்பு 350. சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும் வேறுபாடு இது. இருபது விநாடித் தடையில் சக்சினேட் தேங்க நேரமே இல்லை என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆனாலும் திட்டமிட்ட ஆஞ்சியோபிளாஸ்டியில் ஆக்சிஜனேற்றம் சார்ந்து எதுவுமே நடப்பதில்லை என்று இதைக் கொண்டு சொல்லிவிடக் கூடாது. பலூன் கொழுப்புப் படிவைப் பிளக்கும்போது அதற்குள் முன்பே ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்த பாஸ்போலிப்பிடுகள் இரத்தத்தில் கலப்பதை 2004-இல் சிமிகாஸ் குழுவினர் காட்டினர். அது அந்நேரத்தில் புதிதாக உருவானதன்று, ஆண்டுக்கணக்கில் தமனிச் சுவரில் சேர்ந்து கிடந்தது வெளிப்படுவது. புதிதாக உருவாவதையும் பழையது வெளிப்படுவதையும் ஒரே எண்ணில் கூட்டிவிடுவதால்தான் இத்துறை ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பது எங்கள் எண்ணம்.

சாயப் பொருளும் சிறுநீரகத்தில் ஃப்ரீ ராடிக்கல்களைத் தூண்டுகிறது. முதல் சிகிச்சைக்குப் பின் கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.4-க்கு உயர்ந்து, நான்காம் நாள் இயல்புக்கு வந்தது. இரண்டாம் முறை மாறவில்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் கொடுக்கவில்லை. 2018-இல் சுமார் ஐயாயிரம் பேரிடம் நடந்த ப்ரிசர்வ் ஆய்வு, அதனால் சிறுநீரகத்துக்குப் பயனில்லை என்று காட்டிவிட்டது.

மாத்திரை பற்றிய கேள்வி

வீட்டுக்கு அனுப்பும் நாளில் நோயாளியின் மகள் கேட்டார்: “ஃப்ரீ ராடிக்கலால்தான் பாதிப்புன்னு சொல்றீங்க டாக்டர். அப்போ அப்பாவுக்கு அந்த வைட்டமின் ஈ மாத்திரையை இன்னும் கூட்டிக் கொடுக்கலாமா?” நியாயமான கேள்வி. இதே கேள்வியைத்தான் மருத்துவ உலகமும் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது.

விடை இன்று தெளிவாகவே இருக்கிறது. இவர் எடுத்த அதே 400 யூனிட் அளவை, இதய நோய் அபாயம் மிகுந்த 9,541 பேரிடம் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் சோதித்த ஹோப் ஆய்வு, 2000-இல் எந்தப் பயனும் இல்லை என்று அறிவித்தது. மாரடைப்பு நேரத்திலேயே, சூப்பராக்சைடைச் சிதைக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியை ஊசியாகக் கொடுத்த ஆய்வும் 1994-இல் தோல்வியில் முடிந்தது. அந்தப் பெரிய புரதம் செல்லுக்குள் நுழைய இயலாதது, சூப்பராக்சைடோ செல்லுக்குள், அதிலும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உருவாவது. மைட்டோகாண்ட்ரியாவின் பெருந்துளையை மூடும் சைக்ளோஸ்போரின், 2008-இல் 58 பேரிடம் நம்பிக்கை தந்து, 2015-இல் 970 பேரிடம் கைவிட்டது. எல்லாவற்றையும்விடப் பாடமாக அமைவது 2010-இல் வெளியான லிப்சியா-என்-ஏசிசி ஆய்வு. அதில் அசிட்டைல்சிஸ்டீன் கொடுத்தவர்களின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்றக் குறியீடுகள் உண்மையாகவே இறங்கின; காப்பாற்றப்பட்ட தசையின் அளவில் மட்டும் மாற்றமில்லை. இரத்தத்தில் எண்ணைக் குறைப்பதும் இதயத்தில் தசையைக் காப்பதும் வேறு வேறு என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

கதவு முழுதாக மூடிவிடவுமில்லை. 2017-இல் நாசியாம் என்ற சிறிய ஆய்வில், மிக அதிக அளவு அசிட்டைல்சிஸ்டீனை நைட்ரோகிளிசரினுடன் கொடுத்தபோது சேதமடைந்த பகுதி குறைந்தது. 1997-இல் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் புரோபுகால் என்ற மருந்து, பலூன் மட்டும் பயன்படுத்திய காலத்தில் தமனி மீண்டும் சுருங்குவதைக் குறைத்தது. அதே ஆய்வில் வைட்டமின் கலவை பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பொருளும் இடமும் நேரமும் பொருந்தினால் பலன் இருக்கலாம் என்ற நம்பிக்கையை இவை தக்கவைக்கின்றன. கடையில் வாங்கி தினமும் விழுங்கும் மாத்திரைக்கு இந்த நம்பிக்கையில் பங்கில்லை.

இவற்றை எளிமையாகச் சொல்லி, வைட்டமின் ஈ மாத்திரையை நிறுத்தினோம். புகை நிறுத்தம், ஸ்டாடின், சர்க்கரைக் கட்டுப்பாடு, ஒருநாளும் விடாமல் இரட்டை இரத்தத்தட்டு மருந்து ஆகியவையே எழுதிக் கொடுக்கப்பட்டன. மகளிடம் வேறொன்றையும் வலியுறுத்தினோம்: மீண்டும் நெஞ்சுவலி வந்தால் நான்கு மணி நேரம் காத்திருக்கக் கூடாது. தசை எவ்வளவு நேரம் ஓட்டமின்றிக் கிடக்கிறதோ அந்த அளவுக்கே சக்சினேட் தேங்குகிறது. ஓட்டம் திரும்பும்போது எழும் வெடிப்பின் அளவையும் அதுவே தீர்மானிக்கிறது.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் வெளியேற்றத் திறன் 47 சதவீதமாக உயர்ந்திருந்தது. இதில் ஒரு பங்கு, இறக்காமல் செயலிழந்து கிடந்த தசை மீண்டதால் வந்தது. அந்தத் தற்காலிகச் செயலிழப்புக்கும் ஃப்ரீ ராடிக்கல்களுக்கும் தொடர்புண்டு என்பது விலங்கு ஆய்வுகளில் நிறுவப்பட்டது. சிறுநீர் ஐசோபுராஸ்டேன் 290 பிகோகிராமாக இருந்தது. வைட்டமின் மாத்திரை இல்லாமலும் புகை இல்லாமலும் கிடைத்த அளவு அது.